கொத்துக்கறிச் சோறும் கடல் கடந்த அடுக்களையும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாக ஆன்றோர் எண்ணியவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இம்மூன்றனுள் உடையின் மாறுதலையும் உறையுளின் மாறுதலையும் அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். நம் புதுவை நகரைக் காண வருவோரும் கடற்கரையை அடுத்த வெள்ளை நகரத்து மாளிகைகளையும், வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் தெருக்களின் திண்ணை வீடுகளையும் கண்டு வியந்து செல்கின்றனர். ஆயின், அவ்வீடுகளின் பின்கட்டில், உலைப்பானைக்கும் வாணலிக்கும் இடையே நிகழ்ந்த வரலாற்றைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. கோட்டை எழுந்ததும் இடிந்ததும் நம் பாடப் புத்தகங்களில் உள்ளன. ஒரு குடும்பம் கடல் கடந்து சென்று எதனை உண்ணக் கற்றது, எதனைத் தன்னோடு மீட்டுக் கொணர்ந்தது, எதனை மறந்தது என்பன அவற்றில் இல்லை.

அயல்நாட்டு உண்டியை வீட்டிற் சமைத்துண்பது நகைப்பிற்குரியதும் அன்று, வீண் ஆடம்பரமும் அன்று. அது கற்கத்தக்கதும் எழுதி வைக்கத்தக்கதும் ஆகும் என்பதே நமது கருத்து. இதனை வெறும் சொல்லால் நிறுவுதல் அரிது. ஆதலின், பிலிப்பைன் தீவினர் பெரிதும் விரும்பியுண்ணும் எளிய உண்டி ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதன் வழியே நம் கருத்தைக் கூறுவோம்.

அவ்வுண்டியின் பெயர் கினிலிங். 'அரைக்கப்பட்டது' என்பதே அச்சொல்லின் பொருள். மாட்டிறைச்சியையேனும் பன்றியிறைச்சியையேனும் நுண்ணிதாக அரைத்து, பூண்டு, வெங்காயம், தக்காளி ஆகியவற்றோடு வதக்கி, சிறு சதுரங்களாக அரிந்த உருளைக்கிழங்கையும் காரட்டையும் பச்சைப் பட்டாணியையும் சேர்த்து, சோயாச் சாறும் மிளகும் இட்டு வேகவைத்து, வெண்சோற்றோடு உண்பர். உலர்ந்த திராட்சை சேர்ப்பாரும் உளர். பொரித்த முட்டை ஒன்றும் பொரித்த வாழைப்பழத் துண்டுகளும் உடன் வைத்துவிட்டால், அத்தட்டு 'கியூபா நாட்டுச் சோறு' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரைப் பெற்றுவிடுகின்றது.

இதனை உற்று நோக்குவார்க்கு ஒரு தட்டுச் சோற்றில் உலக வரலாறே விளங்கும். 1565 முதல் 1898 வரை ஸ்பானியர் அத்தீவுகளை ஆண்டனர். இறைச்சியைக் கொத்திச் சமைக்கும் முறைக்கு அவர்கள் இட்ட 'பிகடில்யோ' என்னும் பெயர் இன்றும் அங்கே வழங்குகின்றது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் அவ்விரு நிலங்களையும் இணைத்தன. சோயாச் சாறோ சீன வணிகர் வழி வந்தது. இத்தனை அயற்பொருள்களும் ஒன்றுகூடியபோதும், அவ்வுண்டிக்கு அடிப்படை அந்நாட்டு அரிசியே. அத்தீவினரின் தகலோக் மொழியில் நெல்லுக்குப் 'பாலாய்' என்றும், அரிசிக்குப் 'பிகாஸ்' என்றும், சோற்றுக்குக் 'கானின்' என்றும் வெவ்வேறு பெயர் உண்டு. ஆங்கிலேயர் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்லை வழங்க, அவர்கள் நம்மைப் போலவே பிரித்துப் பேசுகின்றனர். சோற்றோடு சேர்த்துண்ணும் எதனையும் 'ஊலம்' என்பர். நாம் தொடுகறி என்பது போலாம். சோறே முதன்மை, மற்றவை துணை என்னும் எண்ணம் இரு மக்களுக்கும் பொதுவாதலின், அவர்களுடைய உண்டி நமக்கு முற்றும் அயலானது அன்று என்பது பெறப்படும்.

இன்னும் ஒன்று. புதுவைக்கும் மணிலாவுக்கும் பழைய தொடர்பும் உண்டு. 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயர்பால் வீழ்ந்தது. அம்முற்றுகையிற் போரிட்ட 79-ஆம் படைப்பிரிவு, அடுத்த ஆண்டிலே சென்னையிற் கப்பலேறி, வில்லியம் டிரேப்பரின் தலைமையில் மணிலாவைத் தாக்கி, 1762 அக்டோபரில் அதனைக் கைப்பற்றியது. அப்படையோடு சென்னைச் சிப்பாய்கள் சில நூற்றுவரும் சென்றனர். 1764-இல் மணிலா ஸ்பானியரிடம் மீண்டபோது, அச்சிப்பாய்களுள் ஒரு சாரார் நாடு திரும்பாது, அந்நகருக்குக் கிழக்கேயுள்ள காயிந்தா என்னும் ஊரிலே தங்கி, அவ்வூர்ப் பெண்டிரை மணந்து, அம்மண்ணின் மக்களாயினர். இஃது அங்கிருந்து நமக்கு வந்ததோ வேறொரு கொடை. லாஸ் பான்யோஸ் என்னுமிடத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் நெல்லும், அதன்பின் வந்த ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 முதலியனவும் தமிழ்நாட்டு வயல்களிற் பரவின. அவர்களுடைய விதையை உழவர் தம் வயலில் ஏற்றனர். அவர்களுடைய குழம்பை நாம் அடுப்பில் ஏற்றத் தயங்குவானேன்?

பிலிப்பைன் தொடர்பினும் நமக்கு நெருங்கியது சைகோன் தொடர்பாகும். பிரெஞ்சுக்காரர் 1859-இல் சைகோன் நகரைக் கைப்பற்றி, 1862-இல் கொச்சின்சீன நாட்டின் பகுதிகளை உடன்படிக்கையாற் பெற்றனர். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுவை, காரைக்கால் மக்கள் பலர், அலுவலராகவும் படைவீரராகவும் காவலராகவும் வரி தண்டுவோராகவும் அந்நாட்டிற்குச் சென்றனர். அவருட் சிலர் வியத்நாம் பெண்களை மணந்தனர். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிவுற்றபோதும், பின்னர் 1975-இல் சைகோன் வீழ்ந்தபோதும், பல குடும்பங்கள் பிரான்ஸுக்கும் புதுவைக்குமாகப் பிரிந்து வந்தன. அவ்வாறு வந்த அம்மையாருக்கு நம் மொழி புதிது. நம் உறவுமுறை புதிது. வெயிலும் உறைப்பும் புதிது. தம் நாட்டிலிருந்து அவர் தவறாமற் கொணர்ந்தது கைப்பழக்கம் ஒன்றே.

அக்கைப்பழக்கத்தின் பயனே நம் நகரத்து வீடுகள் சிலவற்றில் இன்றும் விழா நாட்களிற் பொரிக்கப்படும் 'சாயோ'. வியத்நாமின் வடபுறத்தாரும் பிரெஞ்சுக்காரரும் இதனை 'நெம்' என்பர். இதுவும் கொத்துக்கறியும் அரிசியும் கூடிய உண்டியே. கொத்திய இறைச்சியோடு வெங்காயம், காரட்டு, நீரில் ஊறவைத்து நறுக்கிய கண்ணாடிச் சேமியா, மரக்காளான், முட்டை, மிளகு ஆகியவற்றைப் பிசைந்து, நீரில் நனைத்து மென்மையாக்கிய அரிசித் தாளில் வைத்துச் சுருட்டி, எண்ணெயிற் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பர். கீரையிலையும் புதினாவும் சேர்த்துச் சுற்றி, மீன்சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்த நீரில் தோய்த்து உண்பர். இறுகச் சுருட்டினால் வெடிக்கும். தளரச் சுருட்டினால் எண்ணெய் குடிக்கும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை விரல் அறியுமேயன்றி வாய் சொல்லாது.

ஈண்டுத்தான் நம் கவலை தோன்றுகின்றது. விரல் அறிந்ததை ஏட்டில் ஏற்றாவிடின், விரல் ஓய்ந்த நாளில் அஃது ஒழியும். சைகோனிலிருந்து வந்த முதற்றலைமுறை அம்மையாருட் பலர் இறைவனடி சேர்ந்துவிட்டனர். அவர்தம் பேரரும் பேர்த்தியரும் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். இங்குள்ளாரோ, 'கடையிற் கிடைக்கின்றது. வீட்டில் எதற்கு இத்தொல்லை?' என்கின்றனர். கடைக்காரர் விற்பனையாகும் ஒன்றிரண்டை மட்டுமே சமைப்பர். எஞ்சிய குழம்பும் கஞ்சியும் ஊறுகாயும் நோயுற்றார்க்கு இடும் சாறும் கடையில் வாரா. அவை வீட்டில் ஒழிந்தால் உலகில் ஒழிந்தனவேயாம்.

நாம் எழுதாததைப் பிறர் எழுதுவர் என்பதற்கு நம் வடவமே சான்று. சிறு வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலிற் பலநாள் காயவைக்கும் அவ்வுருண்டையை நம் பாட்டிமார் தாளிப்பதற்கு வைத்திருந்தனர். பிரெஞ்சுக்காரர் நாவில் அது 'வதுவான்' ஆயிற்று. இன்று மேனாட்டுக் கடைகளில் அப்பெயரால் விற்கப்படும் பொடியை வாங்குவோர் அதனைப் பிரெஞ்சுச் சரக்கு என்றே எண்ணுதலும் உண்டு. புதுவைச் சமையலை 2012-இல் லூர்து திருவான்சியம் லூயி அம்மையார் ஆங்கிலத்தில் நூலாக்கியது பாராட்டத்தக்கது. அத்தகைய முயற்சி தமிழிலும், ஒருவரால் மட்டுமன்றிப் பலராலும், நடைபெறல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இனி, இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றை ஆராய்வோம்.

'அயலார் உணவு நம் பண்பாட்டிற்கு ஒவ்வாது' என்பது முதலாவது தடை. இவ்வாறு கூறுவோர் தம் இல்லத்து மிளகாயை எங்கிருந்து வந்தது என்று வினவினாரல்லர். அதுவும் அமெரிக்கச் செடியே. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் வழியே நம் நாடு புகுந்தது. நாம் அதற்கு மிளகின் பெயரைத் தழுவி ஒரு பெயரிட்டு, நம் பிள்ளையாகவே வளர்த்துக்கொண்டோம். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. இவற்றை விலக்கிய சமையலை இன்று எந்தத் தமிழர் வீட்டிற் காணவியலும்? ஏற்றுத் தனதாக்கிக் கொள்ளும் ஆற்றலே பண்பாட்டின் வலிமையாகும்.

'மாட்டிறைச்சியா?' என்று முகஞ்சுளித்தல் இரண்டாவது தடை. சமயம் பற்றியோ, உயிரிரக்கம் பற்றியோ ஒன்றனை விலக்குவாரை நாம் மதிக்கின்றோம். அவர்தம் நோன்பு போற்றத்தக்கது. ஆனால், தாம் உண்ணாமை ஒன்று. உண்பானை இழிந்தவனாக நோக்குதல் வேறொன்று. மாணவர் கூடியுண்ணும் இடத்தில், தன் தாய் அன்போடு சமைத்தனுப்பிய உணவின் மூடியைத் திறக்க அஞ்சி, பாதி மூடியவாறே குனிந்துண்ணும் இளைஞன் உளனாயின், அவ்விடத்திற் குற்றம் உணவில் இல்லை. சுற்றியிருப்போர் கண்ணில் உள்ளது. பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் இப்பொருளையே எடுத்து, இரு சாராரையும் ஒருங்கே எச்சரிக்கின்றது. உண்பவன் உண்ணாதவனை எள்ளலும் ஆகாது. உண்ணாதவன் உண்பவன்மேல் தீர்ப்புரைத்தலும் ஆகாது என்பது அதன் கருத்து. ஒரு மிஷன் கல்லூரியில் அவ்வதிகாரம் ஆலயத்தில் மட்டுமன்றி உண்ணும் மேசையிலும் நினைக்கப்படல் வேண்டும். மாட்டிறைச்சி விரும்பாதார் ஆட்டிறைச்சியையோ கோழியிறைச்சியையோ கொத்தி இவ்வுண்டியைச் சமைக்கலாம். சுவை சிறிது வேறுபடுமேயன்றி முறை வேறுபடாது. புலால் மறுத்தார் சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்து இடலாம்.

இவ்விறைச்சி மலிவானது என்பதும் சிலர் இதனைத் தாழ்வாக எண்ணுவதற்குக் காரணம். நாமோ அதனையே இதன் பெருமையாகக் கொள்கின்றோம். துண்டுக்கறியாயின் அரைக் கிலோவை நால்வர்க்குப் பங்கிடுதலே அரிது. அதனையே கொத்தி, கிழங்கும் பட்டாணியும் கூட்டிச் சோற்றோடு இட்டால் எண்மர் உண்பர். எவர் தட்டிலும் குறை தோன்றாது. சிறிதைப் பலர்க்குப் பகிரும் அறிவு இது. ஏழை வீட்டுத் தாய்மார் எந்நாட்டிலும் கண்டறிந்த அறிவு.

'சமையல் பெண்டிர் தொழில்' என்பது மூன்றாவது தடை. திருமண வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கூலி பெற்றுச் சமைப்போர் பெரும்பாலும் ஆடவரே. ஆதலின், கூலியுள்ள இடத்தில் ஆடவர் தொழிலாகவும், கூலியற்ற இடத்திற் பெண்டிர் தொழிலாகவும் ஒரே செயல் மாறுதல் எங்ஙனம் என்பதனை மாணவர் சிந்திப்பாராக. அஃதன்றியும், நம் மாணவர் படிப்பிற்கும் பணிக்கும் அயல்நாடு செல்கின்றனர். மருத்துவம் கற்கப் பிலிப்பைன் தீவுகளுக்குச் சென்ற தமிழ் மாணவரும் பலர். அடுப்பு மூட்டத் தெரியாதவன் அங்கே இரு முறை துன்புறுவான்: தன் ஊர் உணவும் கிடைக்காது, அவ்வூர் உணவும் பழகாது.

இவ்வளவு கூறிய பின்னர்ச் சமைக்கும் முறையைக் கூறாதொழிதல் முறையன்று. அறுவர் முதல் எண்மர் வரை உண்பதற்கு அரைக் கிலோ கொத்துக்கறி போதும். குபேர் அங்காடி போன்ற இடங்களிற் காலையிலே வாங்கி, கண்முன்னே கொத்துவித்து, அன்றே சமைத்துவிடல் வேண்டும். முழுத்துண்டில் நுண்கிருமி மேற்புறத்தில் இருக்கும். கொத்தும்போது அஃது உள்ளெங்கும் பரவிவிடும். ஆதலாற் கொத்துக்கறி சிவப்பு நீங்க உள்ளும் புறமும் வேகவேண்டும். 71 பாகை வெப்பம் அதற்கு வரையறுத்த அளவு. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்திருத்தல் சிறிதும் ஆகாது.

இரண்டு உருளைக்கிழங்கையும் ஒரு காரட்டையும் சுண்டுவிரல் நுனியளவு சதுரமாக அரிந்து, எண்ணெயிற் சிறிதே சிவக்க வறுத்து எடுத்து வைக்க. அதே வாணலியில் ஆறு பல் பூண்டை நசுக்கியிட்டு, மணம் எழுந்தவுடன் இரண்டு வெங்காயமும், அது வதங்கிய பின் மூன்று தக்காளியும் நறுக்கியிட்டுக் குழைய வதக்குக. பூண்டு, வெங்காயம், தக்காளி என்னும் இவ்வரிசையே அத்தீவினர் சமையலுக்கு அடிப்படை. பின்னர் இறைச்சியை இட்டு, கட்டியாகாதபடி கரண்டியால் உதிர்த்துக்கொண்டே இருக்க. முதலில் நீர் விடும். அந்நீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, இறைச்சி வறுபடும் ஓசை கேட்கும்வரை பொறுத்தல் வேண்டும். பொறுமையற்றார் இந்நிலையில் நீர் சேர்த்துக் கெடுப்பர்; அவித்த சுவையன்றி வறுத்த சுவை அதில் வாராது. அதன்பின் இரண்டு மேசைக்கரண்டி சோயாச் சாறு, ஒரு பிரிஞ்சி இலை, மிளகுத்தூள், ஒரு குவளை நீர் ஆகியவற்றைச் சேர்த்து, மூடி, சிறு தீயில் வேகவிடுக. இறைச்சி மென்மையானதும் வறுத்த கிழங்கையும் காரட்டையும், ஒரு கைப்பிடிப் பட்டாணியையும், வேண்டுமாயின் உலர்ந்த திராட்சையையும் இட்டு, சாறு சுண்டும்வரை வைத்து இறக்குக. சோயாச் சாற்றிலேயே உப்பு உண்டு. ஆதலின் உப்பை இறுதியிற் சுவைத்துப் பார்த்தே இடல் வேண்டும்.

சோறு பச்சரிசியிற் பொலபொலவென்று வடிக்கப்படுதல் நன்று. கனிந்த நேந்திரம்பழத்தை நீளவாக்கில் அரிந்து பொரித்து, முட்டையும் பொரித்து, உடன் வைத்துப் பரிமாறுக. உப்பும் இனிப்பும் ஒரு கவளத்திற் கூடுவது நம் நாவிற்கு முதலில் வியப்பாகத் தோன்றும். இரண்டாம் கவளத்தில் வியப்பு நீங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மிளகாய்த்தூளும் மசாலையும் இட்டு இதனைத் திருத்திவிட நம் கை துடிக்கும். திருத்தினால் நாம் முன்பே அறிந்த கைமாவே கிடைக்கும். புதிதாக ஒன்றும் அறிந்தவராகோம். ஒருவர் பேச்சைக் கேட்டு முடிக்குமுன் மறுமொழி கூறுதல் எவ்வாறு நாகரிகம் ஆகாதோ, அவ்வாறே ஒரு நாட்டின் உண்டியை அவர்கள் உண்டவாறே ஒருமுறையேனும் உண்டு பாராமல் மாற்றுதலும் ஆகாது. முதன்முறை அவர்கள் முறைப்படி சமைக்க. மறுமுறை நம் விருப்பப்படி மாற்றுக. சைகோன் அம்மையாரும் புதுவையின் உறைப்பை அவ்வாறுதான் மெல்ல ஏற்றனர்.

இறுதியாக, நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்தோர் ஒருவரை அணுகி, ஓர் உண்டியைக் கற்று எழுதுவாராக. அதன் பெயர், வந்த நாடு, யாரிடமிருந்து யார் கற்றார் என்னும் வரலாறு, அளவு, செய்முறை, எந்நாளிற் சமைப்பது என்னும் ஆறு செய்திகள் போதும். 'கை அளவு' என்று அவர் கூறுவாராயின், அக்கையளவைத் தட்டில் இடச்செய்து நிறுத்துக் குறிக்க. சைகோன் வீட்டுச் சாறாயினும், காரைக்கால் மரக்காயர் வீட்டுப் பிரியாணியாயினும், மீனவர் குப்பத்துக் கருவாட்டுக் குழம்பாயினும் வேற்றுமை பாராட்ட வேண்டா. அவ்வேடுகள் அனைத்தையும் ஒருங்கு தைத்துக் கல்லூரி நூல்நிலையத்தில் வைத்தால், பின்வரும் மாணவர்க்கு அஃது ஒரு பெருஞ்செல்வமாம். எழுதுவதோடு அமையாது, எழுதிய உண்டியை ஒருமுறையேனும் தம் கையாலே சமைத்து, கற்பித்த மூத்தோர்க்கே முதலிற் படைத்து, அவர் கூறும் குறையையும் அவ்வேட்டிற் சேர்த்து எழுதுவாராக.

கல்வி என்பது புத்தகத்திலிருந்து மாணவனுக்கு வருவது மட்டுமன்று; மாணவனால் புத்தகத்திற்குச் செல்வதும் ஆகும். எழுத்தறியாத கைகள் காத்துவந்த அறிவை எழுத்தறிந்த கைகள் இழந்துவிடுதல் நம் கல்விக்கே இழுக்காம். மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்போமாக.